வாய்விட்டு யோசித்த வாரம்

பெட்டி பரணை விட்டு இறங்க மறுத்தது.

பேராசிரியர் ஸ்டூலின் மேல் நுனிக்காலில் நின்று கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். பெட்டி ஒரு சாண் நகர்ந்தது. கூடவே ஏழெட்டு வருஷத்துத் தூசியும் வந்து அவர் தலையில் இறங்கியது. தும்மினார். தும்மிய வேகத்தில் பெட்டி தானாகவே வழுக்கி வந்து அவர் தோளில் உட்கார்ந்துகொண்டது. கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் முந்தின நாள் சாயங்காலமே சொல்லி முடித்துவிட்டாள்.

அந்தப் பழுப்பு நிறப் பயணப் பெட்டிக்குள் அவர் தேடிய டேப் ரெக்கார்டர் இருந்தது. செங்கல் கனம், செங்கல் பருமன். புது பேட்டரி போட்டு, புது கேசட் போட்டு, சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

"ஹலோ, ஹலோ. ஒண்ணு, ரெண்டு, மூணு."

"பெட்டிய மறுபடி மேல ஏத்திடலாமா?" என்று மனைவி கேட்டாள்.

"வேணாம், கீழயே இருக்கட்டும். நாலு, அஞ்சு."

அவள் பெட்டியை ஒரு பார்வை, அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். பேராசிரியர் மேஜையில் உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"திங்கட்கிழமை, காலை ஒன்பது பத்து. இந்த நிமிஷம் வரைக்கும் நான் எந்தப் பக்கமும் சாயல. என் மனசு வெத்துத் தாள் மாதிரி…"

"ஏங்க, ஜன்னலோரக் காத்து உங்களுக்கு ஒத்துக்காதுதானே?" என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது.

"ஒத்துக்காது. சாத்திடு. வெத்துத் தாள் மாதிரி இருக்கு" என்று தொடர்ந்தார்.

அவர் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றே ஒன்றுதான். பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. ஓய்வு பெறும் வயது வந்துவிட்டது, ஆனால் இன்னும் ஐந்து வருஷம் இருக்க விரும்பினால் இருக்கலாம், வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் பதில் தேவை என்று அதில் எழுதியிருந்தது. கடிதத்தைப் படித்துவிட்டு மனைவி பதிலுக்குத் தன் முடிவைச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து இரண்டு வருஷத்துக்கு முன்பே ஓய்வு பெற்றவள் அவள். துறைமுக ஊர் ஒன்றில், சமையலறை ஜன்னலிலிருந்து கடல் தெரியும் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பார்த்து வைத்திருந்தாள். அந்தப் புத்தகம் முடியட்டும், இந்த மாணவன் பட்டம் வாங்கட்டும், அடுத்த மாநாடு ஆகட்டும் என்று பேராசிரியர் மூன்று தடவை பயணத்தைத் தள்ளிப்போட்டிருந்தார்.

"சனிக்கிழமை காலை வண்டிக்கு நான் போறேன். மூணு தடவை உங்களுக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கி, மூணு தடவையும் கேன்சல் பண்ணியாச்சு. டிராவல்ஸ்காரர் என் குரலைக் கேட்டாலே சிரிக்கிறார். இந்தத் தடவை உங்களுக்கு வாங்கப்போறதில்ல" என்று அவள் சொன்னாள்.

சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் அவர் பயந்திருக்கமாட்டார். துணியை மடித்துக்கொண்டே சொன்னதால் பயந்தார்.

மற்றவர்களாக இருந்தால் ஒரு ராத்திரி புரண்டு படுத்து முடிவெடுத்திருப்பார்கள். இவரால் அது முடியாது, ஏனென்றால் மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதைக் கண்டுபிடித்தவரே இவர்தான். இவருக்கு முன்னால் இருந்த அறிஞர்கள் முடிவெடுத்து முடித்தவர்களைப் பிடித்து வைத்து ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டார்கள். கேட்டால் எல்லாரும் அழகாக ஒரு காரணம் சொல்வார்கள். அதை நம்பி எத்தனையோ புத்தகங்கள் வந்துவிட்டன. நம்முடைய பேராசிரியர் முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு செருப்புக்கடைக்குள் ரெக்கார்டரோடு நுழைந்து, செருப்பு வாங்க வந்தவரிடம், மனதில் வருவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வாங்குங்கள் என்றார். கடைக்காரர் அவரை வெளியே தள்ளினார். ஆனால் அந்தக் கேசட்டிலிருந்துதான் ஒரு துறையே பிறந்தது.

அந்த முறைக்கு அவர் எழுதிய விதிகள் இன்றும் ஆராய்ச்சிக்கூடச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குகின்றன. மனதில் வந்தது வாயில் வர வேண்டும், அது நாகரிகமோ அநாகரிகமோ. ஐந்து வினாடிக்கு மேல் மௌனம் கூடாது. தட்டச்சு செய்பவர் ஒரு இருமலைக் கூட விடக்கூடாது, பதிவு முடியும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசக்கூடாது. எல்லாம் முடிந்தபின், முடிவு உண்மையில் எந்த வரியில் விழுந்ததோ அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி வைக்க வேண்டும்.

அந்தப் புள்ளியில்தான் அவருடைய புகழ் இருந்தது. இரண்டு வீடுகளில் எதை வாங்குவது என்று ஒருவர் நாற்பது நிமிஷம் யோசித்தார். விலை, வெளிச்சம், அக்கம்பக்கம் எல்லாவற்றையும் பிரித்து மேய்ந்தார். ஆனால் இரண்டாவது நிமிஷத்திலேயே, சைக்கிளை மாடிப்படிக்குக் கீழே வைத்துக்கொள்ளலாம் என்று அவர் வாயிலிருந்து ஒரு வரி நழுவியிருந்தது. மாடிப்படி ஒரு வீட்டில்தான் இருந்தது. புள்ளி அங்கே விழுந்தது. மீதி முப்பத்தெட்டு நிமிஷமும் அவர் காரணம்தான் தேடிக்கொண்டிருந்தார். முடிவு முன்னால் வருகிறது, காரணம் பின்னால் வருகிறது. இதுதான் பேராசிரியரின் விதி.

அந்த விதி தனக்குப் பொருந்தாது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. எல்லாக் காரணங்களையும் எடைபோட்டுவிட்டுக் கடைசியில் முடிவெடுக்கும் முதல் மனிதனாகத் தான் இருக்கப்போவதாக நினைத்தார். அதைப் பதிவும் செய்யப்போகிறார். மாணவர்கள் அவருக்கு 'இன்னொருபக்கம்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். எதைக் கேட்டாலும், இன்னொரு பக்கம் பார்த்தால், என்று ஆரம்பிப்பாராம்.

செவ்வாய்க்கிழமை காலை, முகத்தில் சோப்பு நுரையோடு, கண்ணாடிக்குக் கீழே ரெக்கார்டரை வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"இங்கயே இருக்கறதுக்குக் காரணம். ஒண்ணு, ஆராய்ச்சிக்கூடம். ரெண்டு, என் அறை. மூணு, சாயங்கால வெளிச்சம். இன்னொரு பக்கம் பார்த்தா, போறதுக்குக் காரணம். ஒண்ணு, கடல். ரெண்டு, முழங்கால் வலிக்கு அங்க சமதரையா நடக்கலாம். மூணு, அங்க என்னை யாருக்கும் தெரியாது. நாலு, மனைவி."

கண்ணாடியில் பார்த்தால், பின்னால் துண்டோடு மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"நாலாவதா?" என்றாள்.

ரேஸரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார். "தப்புதான். மன்னிச்சுக்கோ."

அங்கே நிறுத்தியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் கேசட் சுற்றிக்கொண்டிருந்தது. விதி விதிதான்.

"மன்னிப்பு கேட்டாச்சு. உண்மையில வருத்தமா இருக்கான்னா, அவ்வளவா இல்ல. இவ முகம் இன்னும் சரியாகல. பசிக்குது. இன்னொரு தடவை மன்னிப்பு கேட்டா சாப்பிட ஏதாவது கிடைக்கும்."

"சாப்பாடு மேஜை மேல இருக்கு. அது எத்தனாவது இடம்னு குறிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு அவள் துண்டைக் கதவில் போட்டுவிட்டுப் போனாள்.

வீட்டில் யோசிப்பது ஆபத்து என்று தெரிந்துவிட்டதால் ஆபீசில் யோசிப்பதென்று தீர்மானித்தார். பத்து மணிக்கு ஆறாவது மாடி அறையில் போய் உட்கார்ந்து ரெக்கார்டரைப் போட்டதும், துறைத்தலைவர் கதவைத் தட்டினார். ஒரு காலத்தில் இவரிடமே படித்தவர். இப்போது கோட்டு போட்ட மனிதர். சார் இருந்தால்தான் துறைக்கே மரியாதை, தயவுசெய்து ஐந்து வருஷமும் இருக்க வேண்டும் என்று மனப்பூர்வமாகக் கேட்டுக்கொண்டார். பேராசிரியர் ரெக்கார்டரைப் பார்த்தார். பேசாமல் இருந்து நாலு வினாடி ஆகிவிட்டது.

"நல்ல பையன். மூணாவது வருஷம் ஆறு மார்க் கூடப் போட்டுத் தள்ளிவிட்டேன். அந்த ஆறு மார்க்தான் இப்ப கோட்டு போட்டுக்கிட்டு எதிர்ல உக்காந்திருக்கு" என்றார்.

துறைத்தலைவரின் காது சிவந்தது. பேராசிரியர் பதறிப்போய், இது திட்டு இல்லை, பதிவு, நான் என்னைப் பற்றியும் என் மனைவியைப் பற்றியும் கூட இப்படித்தான் பேசியிருக்கிறேன், வேண்டுமானால் கேளுங்கள் என்று கேசட்டைப் பின்னால் ஓட்டினார். கொஞ்சம் அதிகமாக ஓட்டிவிட்டார். திங்கட்கிழமை மத்தியானப் பகுதி வந்து விழுந்தது. 'இருக்கறதுல இன்னொரு சௌகரியம், துறையை நானே நடத்தலாம். தலைவர்னு ஒருத்தர் இருக்கார். அவருக்கு அது தெரியாது' என்று பேராசிரியரின் குரல் தெளிவாகச் சொன்னது.

துறைத்தலைவர் எழுந்தார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி சார். ஒரு நிமிஷம் தாண்டினாலும் நான் பொறுப்பில்ல."

புதன்கிழமை முதல் வேலையாகப் பேராசிரியர் கீழ்த்தளத்துக்கு, டைப்பிஸ்ட் அம்மாவின் அறைக்குப் போனார். முப்பது வருஷமாக அவருடைய கேசட்டுகளைத் தட்டச்சு செய்பவர் அவர். காதில் ஹெட்போன், காலடியில் டேப்பை முன்னும் பின்னும் ஓட்டும் மிதிகட்டை, எதிரே தட்டச்சு மெஷின். டாக்டர்கள், விமானிகள், கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று யோசித்தவர்கள், ஐஸ்கிரீமில் எந்த நிறம் என்று அழுதவர்கள் என்று ஊரிலுள்ளவர்கள் மனதையெல்லாம் கேட்டுக் கேட்டு அவர் முகத்தில் ஆச்சரியம் என்ற ஒன்றே இல்லாமல் போயிருந்தது.

திங்கட்கிழமைக் கேசட் முடிந்துவிட்டது என்றும், செவ்வாய்க்கிழமையது பாதி ஆகியிருக்கிறது என்றும் சொன்னார். துறைத்தலைவர் பற்றிய இரண்டு மூன்று வரிகளை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று பேராசிரியர் மெல்லக் கேட்டார்.

"ஒரு இருமலக் கூட விடக்கூடாதுன்னு எழுதியிருக்கு சார். கையெழுத்து உங்களுது. அப்புறம், முதல் பக்கத்துல ஒரு விஷயம்…"

பேராசிரியர் கையைக் காட்டித் தடுத்தார். பதிவு முடியும்வரை டைப் செய்பவர் எதுவும் சொல்லக்கூடாது, சொன்னால் அந்த ஐந்து நாள் உழைப்பும் வீண் என்று நினைவுபடுத்தினார். டைப்பிஸ்ட் அம்மா தலையாட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டார். அறை அமைதியானது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

"இந்த நாற்காலி ஆடுது" என்று பேராசிரியரின் வாய் ஆரம்பித்துவிட்டது. "முப்பது வருஷமா அதே நாற்காலி. ஒரு காலுக்கு அடியில ஏதோ முட்டுக் கொடுத்திருக்காங்க. என்னது அது? என் முதல் புத்தகம். நல்ல தடிமனான புத்தகம். புது நாற்காலி கேட்டு எனக்கு நாலு மனு வந்துச்சு. நாலையும் மேஜை டிராயர்ல போட்டேன். வெக்கமா இருக்கு. வெக்கமா இருக்கறதச் சொல்லிட்டதால கொஞ்சம் நிம்மதியாவும் இருக்கு."

"அதையும் டைப் பண்ணணுமா சார்?"

"பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் பேராசிரியர் தலையைக் குனிந்துகொண்டு வெளியேறினார்.

ஆபீசில் வாயைத் திறக்க முடியவில்லை. வீட்டிலோ நாலாவது இடம் இன்னும் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அதையாவது சரிசெய்வோம் என்று சாயங்காலம் சமையலறை வாசலில் போய் நின்றுகொண்டு, பட்டியலைத் திருத்தி, உரக்கப் படித்தார்.

"போறதுக்குக் காரணம். முதல் இடம், மனைவி. முப்பத்தஞ்சு வருஷம் என்னைச் சகிச்சவ. ரெண்டாவது இடம், மனைவி. மூணாவது…" என்று வந்தவர், விதி தொண்டையைப் பிடித்துத் தள்ள, "அவளுக்குக் கேக்கணும்னுதான் இவ்வளவு சத்தமா சொல்றேன்" என்பதையும் அதே சுருதியில் சொல்லி முடித்தார்.

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. மனைவி கையைத் துடைத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டு வந்தாள். இரண்டு ஸ்வெட்டர்களைத் தூக்கிக் காட்டினாள்.

"நீலமா, சாம்பலா?"

ஒரு பெரிய முடிவுக்கு நடுவே சின்ன முடிவு எதையும் கேட்கக்கூடாது, மூளையின் பலம் சிதறிவிடும் என்று பேராசிரியர் விளக்கினார். அவள் அவர் மூளையின் பலத்தைச் சிதறவிடாமல் இரண்டையும் மடித்து எடுத்துக்கொண்டு போனாள். உதட்டோரம் ஏதோ இருந்தது. கோபம் என்று அவர் பதிவு செய்தார்.

வியாழக்கிழமை அவர் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தார். ரெக்கார்டரை வீட்டு மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார். இன்று ஒரு நாள் யாரையும் புண்படுத்துவதில்லை, துறைத்தலைவரைப் பார்த்து வணக்கம் மட்டும் சொல்வது, நாளை முடிவு என்று தீர்மானித்துக்கொண்டு லிப்டில் ஏறினார்.

உள்ளே துணைவேந்தர் இருந்தார். பக்கத்தில் துறைத்தலைவர். வேறு இரண்டு பேர். கதவு மூடியது. லிப்டுக்குள் வழக்கம்போல் யாரும் பேசவில்லை. முதல் மாடி தாண்டியது. ஒன்று, இரண்டு, மூன்று. பேராசிரியருக்கு வியர்த்தது. ரெக்கார்டர்தான் டிராயரில் இருந்தது, வாய் அவரோடு வந்திருந்தது. மூன்று நாள் பழக்கம் ஒரே நாளில் போகுமா? நான்கு, ஐந்து.

"துணைவேந்தர் நல்லா இருக்கார்" என்று ஆரம்பித்தது வாய். "முடி கறுப்பா இருக்கு. போன வாரத்தவிட ஒரு விரல்கடை முன்னால வந்திருக்கு. வளர்ந்தா மேலதானே வளரும், முன்னால ஏன் வருது?"

இரண்டாவது மாடி. துணைவேந்தரின் கை தானாக நெற்றிக்குப் போனது.

"கேக்காம இருக்கறது நல்லது. கேட்டுட்டேன். துறைத்தலைவர் சிரிப்ப அடக்கறார். அடக்கறதப் பார்த்தா அவருக்கும் இது ரொம்ப நாளாத் தெரியும் போல."

நான்காவது மாடியிலேயே எல்லாரும் இறங்கிவிட்டார்கள். அவர்களுக்கு வேலை ஆறாவது மாடியில்தான். பேராசிரியர் மட்டும் தனியாக மேலே போய்ச் சேர்ந்தார். மத்தியானம் துறைத்தலைவரிடமிருந்து ஒரு சீட்டு வந்தது. ஐந்து வருஷ நீட்டிப்புக் கடிதத்தை மறுபரிசீலனை செய்யும்படி மேலிடத்தில் கேட்கிறார்கள், நாளை பன்னிரண்டு மணிக்குள் உங்கள் பதில் இல்லையென்றால் அவர்களே உங்களுக்காக முடிவெடுத்துவிடுவார்கள் என்று இருந்தது.

முடிவைப் பற்றி முப்பத்தைந்து வருஷம் படித்தவருக்காக வேறு யாரோ முடிவெடுப்பதா? பேராசிரியர் வீட்டுக்கு வந்ததும் டிராயரைத் திறந்து ரெக்கார்டரை வெளியே எடுத்தார். லிப்டில் நடந்ததிலிருந்து ஆரம்பித்து ஒரு கேசட் முழுக்கப் பேசித் தீர்த்தார்.

வெள்ளிக்கிழமை காலை அவர் எழுந்து வந்தபோது மனைவி வீட்டில் இல்லை. நூலகத்துப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவதாக மேஜையில் சீட்டு இருந்தது. அலமாரியில் புத்தகங்கள் இருந்த இடம் காலியாக இருந்தது. அவளுடைய மூக்குக்கண்ணாடிக் கூடு வழக்கமான இடத்தில் இல்லை. சமையலறை ஜன்னலில் வைத்திருந்த சின்னச் செடி பக்கத்து வீட்டு ஜன்னலில் தெரிந்தது. பழுப்புப் பெட்டி கூடத்தில் மூடிக் கிடந்தது. தூக்கிப் பார்த்தார். கனத்தது.

ரெக்கார்டரைப் போட்டார். பட்டியலை ஆரம்பிக்க வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. நாளைக்கு இந்நேரம் இந்த வீட்டில் அவரை 'ஏங்க' என்று கூப்பிட ஆள் இருக்காது என்பது மட்டும் தெரிந்தது. பயமாக இருந்தது. ஆராய்ச்சிக்கூடம் இல்லாத ஐந்து வருஷத்தை அவரால் நினைத்துப் பார்க்க முடிந்தது. அலுப்பாக இருக்கும், அவ்வளவுதான். அந்தக் குரல் இல்லாத ஒரு காலையை நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஐந்து வினாடி போனது, ஐம்பது வினாடி போனது, கேசட் நாலு நிமிஷம் வெறுமனே சுற்றியது. அவருடைய முறையில் அது மன்னிக்க முடியாத குற்றம்.

பதினொன்றே கால் மணிக்குப் பல்கலைக்கழகத்தின் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தார். லிப்ட் பக்கமே போகவில்லை. நான்காவது மாடித் திருப்பத்தில் முழங்கால் வலித்தது. நின்றார். ரெக்கார்டரை வாய்க்கு அருகில் கொண்டுபோனார்.

"போறேன். அவகூடப் போறேன். நேரம் பதினொண்ணு பதினேழு. எல்லாக் காரணத்தையும் பார்த்தாச்சு. பார்த்துட்டுத்தான் முடிவெடுத்திருக்கேன்."

கண் கலங்கியது. கொஞ்சம் மனைவிக்காக, கொஞ்சம் விஞ்ஞானத்துக்காக. தன்னுடைய விதியைத் தானே உடைத்த பெருமையோடு மீதி இரண்டு மாடியையும் ஏறினார்.

துறைத்தலைவர் ஓய்வுக் கடிதத்தை வாங்கிப் படித்தபோது முகத்தைத் துக்கமாக வைத்துக்கொள்ள மிகவும் பாடுபட்டார். சார் இல்லாத துறையா என்று ஒரு தடவை சொன்னார். பேராசிரியர் அவருடைய டெலிபோனையே கேட்டு வாங்கி டிராவல்ஸ்காரரைக் கூப்பிட்டு, நாளைக் காலை வண்டியில் ஒரு டிக்கெட் வேண்டும் என்றார்.

"சனிக்கிழமை வண்டியா? அது திங்கக்கிழமை காலையிலேயே முடிஞ்சுபோச்சு சார். அடுத்து இடம் இருக்கறது இருபத்திரண்டு நாள் கழிச்சு" என்றது மறுமுனை.

பேராசிரியர் ரிசீவரை வைத்தார். துறைத்தலைவர் அவர் முகத்தைப் பார்த்தார். உடனே ஓய்வுக் கடிதத்தை டிராயரில் போட்டுப் பூட்டி, சாவியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஆறு மாடியும் இறங்கி, பதினோராவது கேசட்டோடு கீழ்த்தளத்து அறைக்கு வந்து சேர்ந்தார் பேராசிரியர். வேலை போயிற்று. வண்டியும் போயிற்று. மிச்சம் இருந்தது விஞ்ஞானம்தான். டைப்பிஸ்ட் அம்மாவின் மேஜை மேல் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் கட்டாக இருந்தது.

"பதிவு முடிஞ்சுது. இதுதான் கடைசி. இதை டைப் பண்ணினதும் சிவப்புப் புள்ளிய இதுல வைங்க. நாலாவது மாடித் திருப்பம், பதினொண்ணு பதினேழு."

"புள்ளி வெச்சாச்சு சார்."

"எப்ப?"

"செவ்வாய்க்கிழமை."

டைப்பிஸ்ட் அம்மா கட்டைத் தலைகீழாகப் புரட்டி முதல் பக்கத்தை உருவி அவர் முன் வைத்தார். மேலிருந்து மூன்றாவது வரிக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி இருந்தது. பேராசிரியர் குனிந்து படித்தார். 'ஹலோ, ஹலோ. ஒண்ணு, ரெண்டு, மூணு.' அடுத்து, '(பெண் குரல்: பெட்டிய மறுபடி மேல ஏத்திடலாமா?)' அதற்கும் அடுத்து, 'வேணாம், கீழயே இருக்கட்டும். நாலு, அஞ்சு.'

"இது மைக் வேலை செய்யுதான்னு பார்த்தது. இது கணக்குல வராது" என்றார் பேராசிரியர்.

"வீட்டுலயே இருக்கறவங்க பெட்டியை எதுக்கு சார் கீழ வெச்சுக்கணும்?"

சைக்கிளை மாடிப்படிக்குக் கீழே வைத்தவரின் முகம் பேராசிரியருக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு அந்த மனிதரிடம் கேசட்டைப் போட்டுக் காட்டியபோது அவரும் இதே மாதிரித்தான், அது கணக்கில் வராது என்று சண்டை போட்டார். பேராசிரியர் ஆடும் நாற்காலிக்கு எதிரே இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். துறைத்தலைவரின் ஆறு மார்க், துணைவேந்தரின் ஒரு விரல்கடை, நாலாவது இடம், எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்து போயின. எதுவுமே தேவைப்பட்டிருக்கவில்லை.

"சரி, திங்கக்கிழமையே முடிவு பண்ணிட்டேன்னே வெச்சுக்குவோம். பண்ணி என்ன பிரயோஜனம்?" என்றார். குரல் இறங்கிவிட்டது. "எனக்கே தெரியாதது அவளுக்கு எப்படித் தெரியும்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா டிக்கெட்டாவது எடுத்திருப்பா. நாளைக்கு அவ தனியாத்தான் போகப்போறா. இருபத்திரண்டு நாள். அதுக்குள்ள நான் இல்லாமலே அவளுக்குப் பழகிடும்."

டைப்பிஸ்ட் அம்மா சிவப்புப் பென்சிலின் பின்முனையை அந்தப் பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில், அடைப்புக்குறிக்குள் இருந்த கடைசி வரிகளில் வைத்தார்.

"நீங்க வெத்துத் தாள்னு பேசிட்டிருக்கறப்ப, அதுக்கு அடியில முன்னறையில அம்மா போன்ல பேசறது சன்னமா விழுந்திருக்கு சார், நாலு தடவை திருப்பிப் போட்டுக் கேட்டுத்தான் டைப் பண்ணினேன்: 'சனிக்கிழமை வண்டிக்கு ரெண்டு டிக்கெட், அவருக்கு ஜன்னலோரம் வேணாம், இல்லங்க, இந்தத் தடவை கேன்சல் ஆகாது, மனுஷன் பெட்டிய இறக்கிட்டார்.'"